துணுக்காய்க்கு மேலால் பறந்த கதை

கொழும்புக்குப் போவதற்காக யாழ்ப்பாணம் போன துணுக்காய்க்காரி என்ற பெயரை என் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இலங்கைப் படத்தைத் தலைகீழாகப் பிடிக்காத எவருக்கும் இந்த மடத்தனம் விளங்கும். துணுக்காயிலிருந்து தெற்கே வவுனியா, அதற்கும் தெற்கே கொழும்பு. நாங்கள் வடக்கே போனோம். யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஒரு சின்ன விமானம் நிற்கும், மூக்கில் விசிறி சுற்றும், அதில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழும்பில் இறங்கிவிடலாம் என்று சொல்லிச் சொல்லி அக்காவை மசிய வைத்தேன். அக்காவுக்கு இடுப்பு வருத்தம், பஸ்ஸில் அவ்வளவு நேரம் குந்தியிருக்க முடியாது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் என்னுடைய விமான விசர், பைத்தியம்.

அந்த விசரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் எனக்கு மாறுகண். கொழும்பில் ஒரு கண் டாக்குத்தரிடம் காட்டுவதற்காக அப்பா என்னைப் பலாலியிலிருந்து டகோட்டா விமானத்தில் கூட்டிப்போனார். வெள்ளி உடம்பு, இரண்டு எஞ்சின். வாலைத் தரையில் வைத்து மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே ஏறினால் இருக்கைக்கு மேட்டில் ஏறுவதுபோல் ஏறிப் போகவேண்டும். ஒரு எஞ்சின் இருமிப் புகை கக்கும், பிறகு மற்றது இருமும், பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு தாளத்துக்கு வரும். சேலை கட்டிய பெண் ஒருவர் தட்டில் இனிப்பும் காதுக்குப் பஞ்சும் கொண்டு வந்தார். நான் பஞ்சை எடுத்து வாயில் போட்டேன் என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

ஆனால் என்னை ஆட்கொண்டது சன்னல்தான். இன்றைக்கு ஜெட்டில் போகிறவர்களுக்கு வானம் என்றால் வெறும் பஞ்சு மூட்டை. டகோட்டா மெள்ளப் பறக்கும், தாழப் பறக்கும். வன்னிக் காட்டுக்கு மேலால் போகும்போது எங்கள் விமானத்தின் நிழல் மரங்களின் தலைகளில் ஓடியது. குளக்கட்டில் மாடுகள் நின்றன. ஒரு வீட்டு முற்றத்தில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். மாறுகண்ணை வைத்துக்கொண்டு நானே அதைக் கண்டேன். வீட்டுக்குத் திரும்பி வந்து வருடக்கணக்காக அக்காவிடம் அளந்தேன். அக்கா நம்பவில்லை. "புளுகாதை," என்பார். அவருக்கு விமானத்தில் போகக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் மாறுகண் எனக்கு மட்டும்தான்.

இப்போது நான் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கிழவன். அங்கே என்னைப் போன்ற கிழவர்கள் ஒரு வட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள். கோடையில் ஒரு புல்வெளியில் பழைய விசிறி விமானம் ஒன்றை உயிர்ப்பித்து வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் எல்லோரும் தேவாரம் கேட்கிறவர்கள்போலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். "அந்தக் காலத்தில் பறப்பு என்றால் பறப்பு," என்று ஒருவர் பெருமூச்சு விடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். ஒருமுறை ஒருவர், "உங்கள் நாட்டில் இப்படிப் பழைய விமானங்கள் ஏதாவது மிஞ்சியிருக்கின்றனவா?" என்று கேட்டார். நான் தேநீர் எடுக்க எழுந்து போனேன்.

எங்கள் நாட்டிலும் பழைய பயணிகள் விமானங்களுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. விமானப்படைக்காரர் கதிரைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் குண்டு ஏற்றினார்கள். கதவைத் திறந்து கையால் உருட்டி விட்டார்கள். சனம் அதற்குச் சகடை என்று பெயர் வைத்தது. தேநீர்க் கோப்பையோடு நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது.

அக்காவிடம் போகவென்று வந்திறங்கிய முதல் நாள் வவுனியாவில் மல்லாவி பஸ் ஏறினேன். சன்னலோரம் ஒரு இருக்கை காலியாகக் கிடந்தது. இவ்வளவு சனம் நிற்கிறது, இதில் ஏன் ஒருவரும் இருக்கவில்லை என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு அறிவு இருக்கவில்லை. இருந்த பிறகு நடத்துநர் சொன்னார்: "ஐயா வெளிநாடோ? உதிலை இருக்காதேங்கோ, கம்பி குத்தும்." அதற்குள் குத்திவிட்டது. இங்கிலாந்தில் பஸ் கொஞ்சம் பிந்தினாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவர் செத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். இங்கே மன்னிப்பு இல்லை. முன்னால் இருந்த பெண் ஒரு பழைய துவாயை மடித்துத் தந்து, "இதைப் போட்டுக்கொண்டு இருங்கோ," என்றார். துணுக்காய்வரை அந்தத் துவாயில்தான் வந்தேன்.

அக்கா வேலிப் படலையடியில் நின்றார். அறுபத்தெட்டு வயது, இடுப்பில் ஒரு பக்கம் கை, மற்றக் கையில் விளக்குமாறு. ஆறு வருடத்துக்குப் பிறகு காண்கிறார். "காலைக் கழுவிப்போட்டு வா, பிட்டு ஆறுது," என்பதுதான் வரவேற்பு. குரக்கன் பிட்டும் குளத்து விரால் குழம்பும். நான் தின்னத் தின்ன அவர் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தார். அத்தான் போன பிறகு தனிச் சீவியம். வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். மகள் சுபா பிரான்சில். கலியாணமாகி நெடுங்காலத்துக்குப் பிறகு வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது, படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று அங்கத்தைய டாக்குத்தர் சொல்லிவிட்டார். அம்மா வந்து பக்கத்தில் நிற்கவேண்டும். விசாவுக்குக் கைரேகை கொடுக்க அக்கா ஒருமுறை கொழும்புக்குப் போகவேண்டும். அதற்குத்தான் நான் வந்தேன்.

பாலில்லாத பிளேன்ரீ குடிக்கும்போது விமானக் கதையை எடுத்தேன்.

"கொழும்புக்குப் போக யாழ்ப்பாணமோ? மூக்கைத் தொடத் தலையைச் சுத்துற வேலையாக் கிடக்கு."

"சின்னப் பிளேன் அக்கா. நான் சின்னனிலை போனது மாதிரி. தாழ்வாப் போகும், கீழை எல்லாம் வடிவாத் தெரியும்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "ஒண்டும் தெரியாது," என்றார். குரலை உயர்த்தவில்லை. "மேலை இருக்கிறவனுக்குக் கீழை ஒண்டும் தெரியாது தம்பி. சும்மா அலம்பாதை."

இந்த வசனத்தைத் தொலைபேசியில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சகடை வன்னிக்கு மேலால் திரியத் தொடங்கியபோது சனம் வீட்டுக் கூரைகளில் குழை வெட்டிப் போட்டு மறைத்தது. என் அக்கா மட்டும் எதிர்மாறாக யோசித்தார். ஒளித்தால்தானே சந்தேகம் வரும். இது குடும்பக்காரர் இருக்கிற வீடு என்று தெரிந்துவிட்டால் ஏன் போடப் போகிறார்கள்? அத்தானின் கலியாண வேட்டியை எடுத்துத் துவைத்து, கிடுகுக் கூரைக்கு மேலே விரித்து, நாலு மூலையிலும் கல்லுக் கட்டிவிட்டார். அத்தான் ஏசினார். பக்கத்து வீட்டார் வந்து சண்டை பிடித்தார்கள். அக்கா எடுக்கவில்லை. ஒருநாள் மூத்த மகன் குகன் காய்ச்சலில் வீட்டுக்குள் படுத்திருந்தான். பதினொரு வயது. அக்கா கிணற்றடியில் சுபாவைக் குளிக்க வார்த்துக்கொண்டு நின்றார். குண்டு வீட்டுக்கு மேல் விழுந்தது.

அன்றையிலிருந்து அக்காவுக்கு ஒரேயொரு பிடி. மேலே இருந்தவனுக்கு வேட்டி தெரியவில்லை. கிடுகும் வேட்டியும் காடும் வயலும் அந்த உயரத்தில் ஒன்றுதான். தெரிந்திருந்தால் போட்டிருக்கமாட்டான், அவனும் ஒரு தாய்க்குப் பிறந்தவன். இந்தப் பிடியில்தான் அக்கா இவ்வளவு காலமும் சோறு தின்றார், நித்திரை கொண்டார், சுபாவை வளர்த்தார். பிடி விட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்கவே பயம். வேட்டி தெரிந்ததென்றால், தெரிந்துதான் போட்டான். அல்லது அந்த வெள்ளைதான் அவனுக்கு வழி காட்டியது. இரண்டில் எது வந்தாலும் அக்கா தாங்கமாட்டார்.

இதெல்லாம் தெரிந்துகொண்டும் அவரை ஏன் விமானத்தில் ஏற்றினாய் என்று கேட்பீர்கள். நான் பயந்தது சத்தத்துக்கு. வன்னிச் சனத்துக்கு விசிறிச் சத்தம் ஆகாது என்ற அளவுக்குத்தான் என் மூளை போனது. பார்வையைப் பற்றி யோசிக்கவில்லை. விசர் பிடித்தவனுக்கு விசர்தான் முன்னுக்கு நிற்கும்.

சத்தத்துக்கு அக்காவைப் பழக்கவேண்டும் என்று இரண்டாம் நாள் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். இங்கிலாந்துப் புல்வெளியில் பதிவுசெய்த எஞ்சின் சத்தம் கைபேசியில் இருந்தது. கையோடு கொண்டுபோன சின்ன ஸ்பீக்கரை முற்றத்தில் வைத்து, மெள்ளத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், திரும்ப வெட்டினார். நல்லது, வைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

வேலிக்கு அப்பால் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பரமேஸ் முற்றத்தில் குப்புறக் கிடந்தார். முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தரையில் படாமல் தூக்கி, வாயைத் திறந்து, இரண்டு காதையும் பொத்தியபடி. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கிவிட்ட முறை அது. வாய் மூடியிருந்தால் அதிர்ச்சியில் காது போய்விடும். பக்கத்தில் கழுநீர்ப் பானை உடைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த அவருடைய பேத்தி, "அம்மம்மா என்ன செய்யிறா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பரமேஸ் சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பி, என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார்.

"உதையோ பாட்டு எண்டு வைச்சிருக்கிறியள்?"

"இது வேறை பிளேன் பரமேஸக்கா. சனம் ஏத்திற பிளேன்."

"எங்களுக்கு மேலாலை வந்ததும் சனம் ஏத்தினதுதான்," என்றார். "நல்ல காலம், மனுசன் சைக்கிளிலை கடைக்குப் போட்டார். கண்டிருந்தா உங்களுக்கு இண்டைக்குப் பிடரி உடைஞ்சிருக்கும்."

அன்று பின்னேரம் புதுப் பானை ஒன்று வாங்கிக்கொண்டு போய் வேலிக்கு மேலால் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை.

அக்காவிடம், "பஸ்ஸிலையே போவமா?" என்று கேட்டேன். அந்த நேரம் என் புத்தி சரியாகத்தான் வேலை செய்தது. அக்காதான் கெடுத்தார்.

"ஏன்? நான் பயந்தனானோ? சகடை எங்களுக்கு மேலை வந்தது. இதுக்கு உள்ளுக்கை எல்லே நாங்கள் இருக்கப் போறம். உள்ளுக்கை இருக்கிறவனுக்கு என்ன பயம்?"

மூன்றாம் நாள் விடிய வாடகை வான் வாசலுக்கு வந்தது. சாரதி முருகையா. தகப்பன் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து அடிபட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். முருகையா பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் தோட்டத்து வாசம் போகவில்லை.

"கொழும்புக்கா சார்? அப்ப ஏன் இந்தப் பக்கம் திருப்பச் சொல்றீங்க?"

"பலாலியிலை பிளேன்."

"சரிதான்," என்றார். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவருக்கு எல்லா விதமான நோயாளியும் பழக்கமாயிருக்கும்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் தாண்டாது. முருகையா உடைத்தார், அக்கா கர்ப்பூரம் கொளுத்தினார், நான் கச்சான் கடலை வாங்கினேன். இவ்வளவும் செய்தும் கிளிநொச்சிக்கு இந்தப் பக்கம் வானின் பெல்ட் அறுந்தது. றோட்டோரம் நின்றோம். முருகையா வானுக்கு அடியில் படுத்துக்கொண்டே கதை சொன்னார்.

"இன்னிக்கும் மேல ஏதாச்சும் சத்தம் கேட்டா நான் வண்டிய மரத்துக்குக் கீழதான் ஒதுக்குவேன் சார். ஒருக்கா வயல்ல மருந்து அடிக்கிற டிரோன் வந்திச்சு. ஒதுக்கிட்டேன். பின்னுக்கு இருந்த வெள்ளைக்காரங்க, 'ஏன் நிப்பாட்டினே'ன்னு கேட்டாங்க. 'வியூ பாயின்ட் சார், படம் எடுங்க'ன்னேன். எடுத்தாங்க."

அக்கா சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

பெல்ட்டை மாற்றி, ஆனையிறவில் உப்புக் காற்று வாங்கி, பலாலிக்குப் போனபோது விமானம் வெயிலில் நின்றது. என் டகோட்டாவுக்குப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஒரே எஞ்சின், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். ஆனால் விசிறி விசிறிதான். பார்த்ததும் என் வயிற்றுக்குள் எட்டு வயதுப் பெடியன் துள்ளினான். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

விமானி தெற்குப் பக்கத்துச் சிங்கள இளைஞர். முப்பது வயது வராது. அக்கா படியில் ஏறக் கஷ்டப்பட்டதைக் கண்டு, கீழே இறங்கி வந்து முழங்கையைப் பிடித்து ஏற்றினார். "அம்மா, மெள்ள, மெள்ள," என்று தன் பாஷையில் சொன்னார். இருக்கைப் பட்டியையும் தானே போட்டுவிட்டார். அக்கா எனக்குக் குனிந்து, "நல்ல பெடியன். வளர்ப்புத் தெரியுது," என்றார்.

சன்னல் இருக்கையை நான்தான் அக்காவுக்குக் கொடுத்தேன். எனக்கு விருப்பமான எதையும் யாருக்கும் விட்டுக்கொடுத்தவன் இல்லை நான். இதைக் கொடுத்தேன், பெரிய தியாகம் செய்கிறேன் என்ற நினைப்பில்.

விசிறி சுற்றியது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தரை விட்டதும் தலைப்பை எடுத்துவிட்டு, "இவ்வளவுதானோ?" என்றார். காதுக்குப் பஞ்சு கொண்டு வந்திருந்தேன், வேண்டாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வட்டத்துக் கிழவர்களுக்கு எழுதவேண்டிய வசனங்கள் மனதில் ஓடத் தொடங்கின.

கடலேரி தாண்டி வன்னிக்கு மேலால் வந்தோம். விமானி திரும்பி, இன்றைக்கு வானம் துப்புரவாக இருக்கிறது, எல்லோரும் நன்றாகப் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இடப்பக்கம் இரணைமடுக் குளம். வெயிலில் தகரம்போல மின்னியது. அக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். முதலில் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். அது ரயில் தண்டவாளம். அது உழவு மெசின், பின்னாலை கொக்கு நிக்குது. அது வவுனிக்குளத்துக் கட்டு, அங்கை பார் மாடு. குரலில் ஒரு புதினம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நம்பாதவர் இப்போது நம்புகிறார் என்ற சின்னப்புத்திச் சந்தோசம் எனக்கு.

பிறகு அக்காவின் விரல் கண்ணாடியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

கொஞ்சம் பொறுத்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"தம்பி, உந்த வீட்டு வேலியிலை என்ன காயுது?"

எட்டிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் ஒரு ஓட்டு வீடு. வேலியில் வெள்ளையாக நீளமாக ஏதோ விரித்திருந்தார்கள். சேலையோ, கட்டில் விரிப்போ. நான் அப்போதுதான் விழித்தேன்.

"ஒண்டும் தெரியேல்லை அக்கா," என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த வீடு பின்னால் போய் மறையும்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி விமானியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் இரத்மலானை விமானத்தளத்தில் இறங்கும்வரைக்கும் அதைத்தான் பார்த்தார்.

இறங்கும்போது விமானி திரும்பவும் கையைக் கொடுத்தார். அக்கா பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து, இடுப்பை நெளித்து, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார். அந்தப் பெடியன் தான் ஏதும் பிழை செய்தேனோ என்று என்னைப் பார்த்தான். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. அவன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு அக்காவுக்குப் பின்னால் போனேன்.

வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். வாழையிலையில் சோறும் முருங்கைக்காய்க் கறியும். அக்கா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். கடைக்காரர் வந்து, "அம்மாவுக்குக் கறி பிடிக்கேல்லையோ? வேறை ஏதும் தரட்டோ?" என்று கேட்டார். "நல்லாக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு இலையை மடித்தார். அடுத்த நாள் கைரேகை வைத்தார்கள். வயலில் தேய்ந்த விரல், கருவியில் சரியாகப் பதியவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். அக்கா சொன்னதையெல்லாம் செய்தார். சுபா தொலைபேசியில் அழுது நன்றி சொன்னாள். "மாமா, அம்மா பிளேனிலை பயந்தவாவோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

திரும்பிப் போக விமானத்துக்கே ஒழுங்கு செய்திருந்தேன். அதை விட்டுவிட்டு ரயிலில் இருவருக்கும் இடம் எடுத்தேன். "இடுப்பு நோகும் அக்கா, பரவாயில்லையோ?" என்றதற்கு, "நோகட்டும்," என்றார்.

ரயில் மதவாச்சி தாண்டும்வரை பொறுத்திருந்தேன். வடை விற்றுக்கொண்டு வந்தவனிடம் வாங்கிக் கொடுத்தேன், கடதாசியோடு மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது வருடமாக விமானங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், கண்ணை மூடிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு அறிவையும் திரட்டி அந்த ரயிலில் ஒரு பொய் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, நாங்கள் வந்த பிளேன் புதுசு. கண்ணாடி துப்புரவு, மேகமும் இல்லை. அதுதான் அப்பிடித் தெரிஞ்சது. அந்தக் காலத்துப் பிளேன் அப்பிடி இல்லை. கண்ணாடி எல்லாம் மங்கல். எஞ்சின் எண்ணெய் வேறை வந்து அடிக்கும். அண்டைக்கு முகிலும் இருந்திருக்கும். முகிலுக்குள்ளாலை வாறவனுக்குக் கீழை ஒண்டுமே தெரியாது."

அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் போயின.

"நீ சின்னனிலை துணி காயுறது கண்டனி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனி," என்றார். "நான்தான் புளுகு எண்டனான்."

"அது டகோட்டா அக்கா. இது வேறை..."

"தம்பி."

நிறுத்தினேன். வவுனியா வருகிறது என்று சனம் பெட்டிகளை இறக்கத் தொடங்கியது. அக்கா வடைக் கடதாசியின் ஓரத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"நீ அண்டைக்கு லண்டனிலை. நான் கிணத்தடியிலை நிண்டனான். நல்ல வெயில், ஒரு பொட்டு முகில் இல்லை. சகடை ரெண்டு தரம் சுத்திப்போட்டுத்தான் வந்தது. கதவு திறந்து கிடந்தது. அதிலை ஒருதன் கீழை பாத்துக்கொண்டு நிண்டவன்." ரயில் நின்றது. "நான் அவனைக் கண்டனான்."